நாலரை பாயிண்ட்

அய்யோ, அந்தப் பக்கம் சாயாதீங்க, அது இன்னும் காயல. பாத்தீங்களா, முழங்கையில ஒட்டிக்கிச்சு. இருங்க, தேய்க்காதீங்க, தேய்ச்சா இன்னும் பரவும். இந்தத் துணிய வெச்சு ஒத்தி எடுங்க. வெள்ளைச் சட்டை போட்டுக்கிட்டு அச்சாபீசுக்கு வந்த ஆளு நீங்க ஒருத்தர்தான். பத்திரிகைக்காரங்கன்னு பாத்தவுடனே தெரியுது.

அந்த போன இந்தப் பக்கமா வைங்க. மெஷின் பக்கத்துல வெச்சா அது போடுற சத்தம்தான் கேக்கும், நான் பேசுறது ஒண்ணும் கேக்காது. ம், ஓடுதா? சரி.

எங்க விட்டோம்? ஆங், எதுக்கு சனிக்கிழமையானா இங்க ஓடி வர்றோம்னு கேட்டீங்க. காலையிலருந்து எல்லார்கிட்டயும் இதத்தான கேட்டிருப்பீங்க? அவங்க என்ன சொன்னாங்கன்னு நானே சொல்லிடவா? ஜன்னலோரம் முடிய தூக்கிக் கட்டிக்கிட்டு நிக்குதே, வெப்சைட் பண்ற பொண்ணு, அது மை வாசனைன்னு சொல்லியிருக்கும். அந்தத் தாடிக்காரர் விளம்பரக் கம்பெனி. திரையப் பாத்துப் பாத்து கண்ணு பூத்துப் போச்சுன்னு ஆரம்பிச்சு, கையால செஞ்சாத்தான் செஞ்ச மாதிரின்னு முடிச்சிருப்பாரு. சிரிக்கிறீங்க. அப்ப சரியாத்தான் சொல்லிட்டேன் போல.

பொய்யில்லங்க அதெல்லாம். நெசம்தான். டிசைனர்னு சொல்லிக்கிறோமே, நாள் முழுக்க என்ன பண்றோம்? கண்ணாடிக்கு உள்ள இருக்கிற எழுத்த வெளிய உக்காந்து நகத்துறோம். சாயங்காலம் எந்திரிச்சா கையில ஒண்ணும் இருக்காது. அனுப்பியாச்சுன்னு ஒரு மெயில் இருக்கும், அவ்ளோதான். இங்க அப்படி இல்ல. இந்தத் தட்ட ஒரு தடவ தூக்குங்க. சும்மா தூக்குங்க, உடையாது. ஆங், கனம் தெரியுதா? ஈய எழுத்து. வெறும் எட்டு வரி அது. எட்டு வரிக்கு இவ்ளோ கனம் இருக்கும்னு நாங்க யாரும் நெனச்சதே இல்ல.

இந்தக் கார்டத் தடவிப் பாருங்க. எழுத்து அமுங்கிப் பள்ளமா இருக்கா? பின்னாடி திருப்புனா அதே எடம் லேசா புடைச்சிட்டு இருக்கும். எங்க ஆளுங்க இதத் தடவித் தடவியே பாதிக் கார்ட அழுக்காக்கிடுவாங்க.

அப்புறம், தப்பு பண்ணா திரும்பிப் போக பட்டன் கிடையாது. வந்த புதுசுல எனக்கு என்ன ஆகும்னா, ஒரு எழுத்து மாத்திப் போட்டுட்டேன்னு வைங்க, என் இடது கை ரெண்டு விரலும் தானா மேஜையில கம்ப்யூட்டர்ல இருக்கிற அந்த ரெண்டு பட்டனத் தேடும். வெறும் மரத்துல தட்டிக்கிட்டு நிப்பேன். எல்லாரும் சிரிப்பாங்க. எழுத்து வேற கண்ணாடியில தெரியுற மாதிரி திரும்பித்தான் இருக்கும். பானா மட்டும்தான் பாவம், இடம் வலமா திருப்புனாலும் பானாவாவே இருக்கும். டானாவப் பாத்தீங்கன்னா யாரோன்னு இருக்கும்.

நான் பேசிக்கிட்டே இதப் பண்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. இது கலைச்சுப் போடுறது. அச்சடிச்சு முடிச்சதும் ஒவ்வொரு எழுத்தா எடுத்து பெட்டியில அதது அறையில திரும்பப் போடணும். இதுக்கு மட்டும் யாரும் வர மாட்டாங்க. எழுத்த வரியா கோக்குறப்ப பத்துப் பேரு நிப்பாங்க, கலைக்கிறப்ப ஆளப் பாக்க முடியாது. நான் தான் எடுத்துக்கிட்டேன். யோசிக்கவே வேண்டாம். கை பாட்டுக்குப் போகும்.

என்னையும் அவங்க கூட சேத்து நாலு வரி எழுதிட்டுப் போயிடலாம் நீங்க. எழுதினாலும் ஒண்ணும் தப்பில்ல. ஆனா நீங்க அவ்ளோ தூரத்துலருந்து வந்திருக்கீங்க, எனக்கு இன்னும் ரெண்டு தட்டு கலைக்க வேண்டியிருக்கு. சொல்லிடுறேனே.

நான் ஒண்ணும் ஆசைப்பட்டு வந்தவ இல்ல. போன வருஷத்துக்கு முந்தின வருஷக் கடைசியில ஆபீஸ்லருந்து கூட்டிட்டு வந்தாங்க. வருஷத்துக்கு ஒரு தடவ எங்கயாவது கூட்டிட்டுப் போவாங்க, டீமுக்குப் புத்துணர்ச்சி வரணுமாம். அதுக்கு முன்னாடி ஒரு தடவ களிமண்ணு. ஆளுக்கொரு கோணக் கிண்ணம் பண்ணிட்டு வந்து, இன்னிக்கு வரைக்கும் அதுல பென்சில் போட்டு வெச்சிருக்கோம். அந்தத் தடவ இது. எல்லாரும் அவங்கவங்க பேரக் கோத்து, அடிச்சு, அதப் புடிச்சுக்கிட்டு படம் எடுத்தாங்க. நானும் ஏதாவது பண்ணணுமேன்னு என் பேரும் வீட்டு விலாசமும் கோத்தேன். சின்னக் கார்டு. விலாசம் பாதியிலயே கார்டு முடிஞ்சிடுச்சு.

முதலாளி பக்கத்துல நின்னுட்டிருந்தா. அதோ, ரோலர தொடைச்சிக்கிட்டு இருக்கா பாருங்க, அவதான். என்னவிட பத்து வயசு சின்னவ, கார்ட்டூன் படக் கம்பெனியில இருந்துட்டு இத ஆரம்பிச்சவ. நாங்கதான் கிண்டலுக்கு முதலாளின்னு கூப்பிடுறோம். அவகிட்ட, இத கொஞ்சம் சின்னது பண்ணிக் குடும்மான்னு கேட்டேன். பழக்கதோஷம். அவ என்னைய ஒரு மாதிரி பாத்தா. அக்கா, இது ஈயம். எழுத்தோட அளவு பத்து பாயிண்ட்னா பத்து பாயிண்ட்தான். அத எப்படிச் சுருக்குறது? பத்தலன்னா வார்த்தையக் குறைங்க, இல்லன்னா பெரிய காகிதம் எடுங்கன்னா.

எனக்கு என்னமோ கன்னத்துல அறைஞ்ச மாதிரி.

அப்ப கையில ஒரு பெரிய எழுத்து வெச்சிருந்தேன் போல, வேடிக்கைக்கு எடுத்தது, தலைப்புக்குப் போடுவாங்களே அந்த அளவு. அது நழுவி நேரா கால் பெருவிரல்ல விழுந்துச்சு. நகம் கறுத்துப் போச்சு. வலிச்சுது. உக்காந்துட்டேன். எல்லாரும் ஓடி வந்து ஐஸ் கொண்டாங்கன்னு கத்துறாங்க, நான் என்னன்னா, வலிக்குதுன்னு சொல்லிட்டு சிரிக்கிறேனாம். பின்னாடி சொன்னாங்க. வலிக்குதுங்கறதே எனக்கு மறந்து போயிருந்துச்சு. அதுக்கு ஒரு வருஷம் முன்னாடியிலருந்து எனக்கு ஒண்ணும் தெரியாது. சூடான டீய வாயில வெச்சா சூடு தெரியாது. அழுகையும் வராது, பசிக்கவும் பசிக்காது. டாக்டர்கிட்டப் போனேன். ஊசிய வெச்சுக் குத்திப் பாத்துட்டு, நரம்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு, நல்லாத் தூங்குங்கன்னாரு. தூக்கத்துக்கு என்ன, அது பாட்டுக்கு வரும்.

அடுத்த சனிக்கிழமை நொண்டிக்கிட்டே தனியா வந்தேன். அன்னியிலருந்து வர்றேன்.

என்ன கேட்டீங்க? ம், சுருக்க முடியாதுன்னு சொன்னதுல அப்படி என்ன இருக்குன்னு. சரியான கேள்விதான்.

நான் பண்றது பேக்கேஜிங். டப்பா, பாட்டில், அதுங்க மேல ஒட்டுற லேபிள். கடையில ஒண்ணப் பாத்துட்டு கைய நீட்டுறீங்க பாருங்க, அந்தக் கைய நீட்ட வைக்கிறதுதான் என் வேல. பதினாலு வருஷமாச்சு. மூணு வருஷம் முன்னாடி ஒரு கம்பெனி வந்துச்சு. பேரு வேண்டாம். பாத்திரம் கழுவுற தொட்டியில அடைச்சுக்கிட்டா ஊத்துவாங்கல்ல, உள்ள இருக்கிறதெல்லாம் கரைச்சு எடுத்துடும், அந்தத் திரவம். அதுவரைக்கும் அது கறுப்புக் கேன்ல வந்துட்டிருந்துச்சு. முன்னாடியே செகப்புப் பட்டை, மண்டையோடு, குடிச்சுட்டா என்ன பண்ணணும், என்ன பண்ணக் கூடாதுன்னு கொட்டை கொட்டையா. ஜனங்க அத வாங்கிட்டுப் போயி தொட்டிக்கு அடியில ஒளிச்சு வெச்சுடுறாங்க, ஒளிச்சு வெச்சா மறந்துடுறாங்க, அதனால மேடை மேலயே வைக்கிற மாதிரி லட்சணமா பண்ணிக் குடுங்கன்னாங்க. எங்க தொழில்ல இப்படித்தான் கேப்பாங்க. கேட்டா பண்ணிக் குடுப்போம்.

பண்ணேன். நல்லாவே பண்ணேன். பளிங்கு மாதிரி பாட்டில், உள்ள இளமஞ்சளா திரவம். லேபிள்ல ஒரே ஒரு எலை, நானே கையால வரைஞ்சது. மீதியெல்லாம் வெள்ளை. எங்க டிபார்ட்மென்ட் தலைவருக்கு நாங்க வெச்சிருக்கிற பேரே வெள்ளை சார். எதக் கொண்டு போய்க் காட்டினாலும், வெள்ளை விடுங்க, இன்னும் கொஞ்சம் வெள்ளை விடுங்கம்பாரு. இதப் பாத்துட்டு அவரே எந்திரிச்சு நின்னுட்டாரு. முன்பக்கம் பிரமாதம், பின்பக்கம்தான் கொஞ்சம் சத்தம் போடுதுன்னாரு. அவ்ளோதான் சொன்னாரு. சின்னது பண்ணுன்னு அவர் சொல்லல. அத இங்க சொல்லியாகணும்.

பின்பக்கம் சத்தம் போட்டது, அதாவது கண்ண உறுத்துனது எதுன்னா, அந்த எச்சரிக்கை. எட்டு பாயிண்ட்ல கறுப்பா இருந்துச்சு. நான் என் சீட்டுக்கு வந்தேன். அந்தப் பத்திய புடிச்சேன். கீழ்நோக்கி அம்புக்குறி போட்ட பட்டன் இருக்குல்ல, அதத் தட்டுனேன். ஏழு, ஆறு, அஞ்சு. இன்னும் ஒரு தட்டு, நாலரை. சட்டத்துல கொறஞ்சது இவ்ளோ இருக்கணும்னு ஒரு அளவு இருக்கு, நான் அதுக்குக் கீழ போகல, பாத்துக்குங்க. கறுப்ப எடுத்துட்டு சாம்பல் நெறம் போட்டேன். ஒரு ஆறு செகண்டு ஆகியிருக்கும். இன்னொரு கையில டீ இருந்துச்சு.

இங்க அதே வேலையச் செய்யணும்னா, அந்த எழுத்தெல்லாம் கலைச்சு, அந்த மூலையில இருக்கிற பெட்டிக்குப் போயி, சின்ன எழுத்து இருக்கான்னு தேடி, ஒவ்வொண்ணா பொறுக்கி மறுபடியும் கோக்கணும். ஒரு பகல் ஆகும். அந்தப் பகல்ல எப்பவாவது ஒரு தடவையாவது அத நான் படிச்சிருப்பேன்ல? என்ன எழுதியிருக்குன்னு? திரையில நான் அதப் படிக்கல. எடத்தத்தான் பாத்தேன்.

நாலரை பாயிண்ட் இங்க கிடையாதுங்க. முதலாளிகிட்ட கேட்டுப் பாத்துட்டேன். இருக்கிறதுலயே சின்னது ஆறு. அதுவே பொறுக்க முடியாம கண்ணுல தண்ணி வந்துடும்.

பரிசு குடுத்தாங்க அதுக்கு. பெரிய விழா. ஆபத்தான ஒரு பொருளக்கூட எவ்ளோ சாதுவா காட்டியிருக்காங்க பாருங்கன்னு மேடையில சொன்னாங்க. கைதட்டுனாங்க. நானும் பட்டுப்புடவை கட்டிக்கிட்டு போய் வாங்கிட்டு வந்தேன்.

ஏழு மாசம் கழிச்சு ஒரு கொழந்த அதக் குடிச்சிடுச்சு.

ம். இல்ல, பேப்பர்லல்லாம் வரல. எங்க அக்கா பொண்ணு.

தண்ணி குடிங்க. அந்தச் செம்புல இருக்கு, நல்ல தண்ணிதான்.

எனக்கு ஒரே ஒரு அக்கா. ரெண்டு தெரு தள்ளித்தான் அவ வீடு. அவளுக்கு ரொம்ப நாள் கழிச்சுப் பொறந்தது அந்த ஒண்ணுதான். எறும்புன்னு கூப்பிடுவோம். இனிப்பு எங்க இருந்தாலும் மோப்பம் புடிச்சு வந்துடும். அப்ப நாலு வயசு. அன்னிக்கு அக்கா தொட்டியில தண்ணி போகலன்னு அந்தப் பாட்டில தொறந்து ஊத்திட்டு, வெந்நி வைக்கப் போயிருக்கா. மூடிய சும்மா மேல வெச்சுட்டு. அடுப்பப் பத்த வெச்சுட்டுத் திரும்புற நேரம்தான். பழச்சாறுன்னு நெனச்சிருக்கும் கொழந்த. ஒரு மடக்குதான் உள்ள போயிருக்கு.

கத்தல் கேட்டு அக்கா ஓடி வந்து பாத்திருக்கா. கையும் ஓடல, காலும் ஓடல. மொதல்ல பாட்டிலத்தான் எடுத்தாளாம். திருப்பித் திருப்பிப் பாத்தாளாம், இதுக்கு என்ன பண்ணணும்னு எங்கயாவது போட்டிருக்கான்னு. இத எனக்கு அக்கா வீட்டுக்காரரு, எங்க மாமா சொன்னாரு, அவரு அப்பத்தான் உள்ள நொழைஞ்சிருக்காரு. ஒரு நிமிஷம் தேடியிருப்பா. ஒண்ணும் கெடைக்கல. அப்புறம் எந்தத் தாயும் என்ன பண்ணுவாளோ அதப் பண்ணா. தொண்டையில விரல விட்டு வாந்தி எடுக்க வெச்சா.

நான் ஆஸ்பத்திரிக்குப் போறப்ப அவங்க மூணு பேரும் போய் ஒரு பத்து நிமிஷம் ஆகியிருக்கும். ஆபீஸ்லருந்து நேரா ஓடுனேன். என்ன குடிச்சதுன்னு எனக்குத் தெரியாது அப்போ. போன்ல மாமா ஏதோ மருந்துன்னுதான் சொன்னாரு. உள்ள போறேன், டாக்டரம்மா கையில என் பாட்டில்.

அந்த எலை.

சின்ன வயசு டாக்டர்தான், கண்ணாடி போட்டிருந்தாங்க. உள்ள என்ன கலந்திருக்குன்னு தெரிஞ்சாத்தான் அடுத்தது பண்ண முடியும்னு அவசரமா படிக்கப் பாக்குறாங்க. கண்ணாடிய நெத்திக்கு ஏத்திட்டுப் பாத்தாங்க. வெளிச்சத்துக்குக் கீழ கொண்டு போனாங்க. பளபளப்பு காகிதம் வேற, சாம்பல் எழுத்து வேற. ஒரு நர்ஸ் போன எடுத்து படம் புடிச்சு பெருசு பண்ணப் பாத்துச்சு, அது மங்கிப் போச்சு. நான் வாசல்ல நின்னுக்கிட்டே சொல்ல ஆரம்பிச்சேன். என்னென்ன கலந்திருக்கு, எத்தன சதவீதம். விழுங்கிவிட்டால் வாயைக் கொப்பளிக்கவும். வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. கண்ணில் பட்டால் இருபது நிமிடம் நீரில் கழுவவும். உடனே மருத்துவரை அணுகவும். அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி எழுத்துப்பிழை இருக்கான்னு ஏழு தடவ சரி பாத்திருப்பேன். புள்ளி, கொம்பு, கால் எல்லாம் சரியா இருக்கான்னு. எப்படியோ உள்ள போய் உக்காந்திருந்திருக்கு. எனக்கே தெரியாது அது எனக்கு மனப்பாடம்னு.

டாக்டர் எழுதிக்கிட்டாங்க. எழுதிட்டு, வாந்தி எடுக்க வெச்சீங்களான்னு அக்காகிட்ட கேட்டாங்க. அக்கா தலையாட்டுனா. டாக்டர் பின்னாடி மாமாகிட்ட தனியா சொன்னாங்களாம், எறங்கறப்ப ஒரு தடவ வெந்துச்சு, ஏறுறப்ப இன்னொரு தடவ வெந்துடுச்சுன்னு.

அக்கா என் கையப் புடிச்சுக்கிட்டா. உனக்கு எப்படிடி தெரிஞ்சுதுன்னா. கடையில படிச்சேன்னு சொன்னேன். உனக்குக் கண்ணு நல்லா இருக்கு, நான் பாத்தேன், எனக்குத் தெரியலயேன்னு அழுதா. பாக்க அவ்ளோ சாதுவா இருந்துச்சுடி, அதனாலதான் வாங்குனேன்னா.

நான் அழல. அப்ப ஆரம்பிச்சதுதான் அது, தொட்டா தெரியாததெல்லாம்.

ஏய் முதலாளி, எனக்கு டீ வேண்டாம். இவருக்குக் குடு. சக்கரை போடலாமாங்க? போடு, போடு.

இருக்குங்க, உசுரோட இருக்கு. ஆறு வயசாச்சு. உணவுக்குழாய் சுருங்கிப் போச்சு. மயக்கம் குடுத்து உள்ள விட்டு விரிக்கிறாங்க, இதுவரைக்கும் பதினேழு தடவ. வயித்துல குழாய் வெச்சிருக்காங்க, சாப்பாட்ட அரைச்சு அதுலதான் ஊத்தணும். பேசுறது காத்து மாதிரி வரும், பக்கத்துல போய்க் கேக்கணும். இனிப்பு மட்டும் வாயில வெச்சு ருசி பாத்துட்டுத் துப்பிடலாம்னு டாக்டர் சொல்லியிருக்காங்க. அதுக்குன்னு ஒரு கிண்ணம் வெச்சிருக்கு. சமத்தா சப்பிட்டு, சமத்தா துப்பும். துப்பிட்டு நம்மள ஒரு பார்வ பாக்கும். சித்தி, உனக்கு ஏன் வெரலெல்லாம் கறுப்பா இருக்குன்னு போன வாரம் கேட்டுச்சு. எழுத்து பொறுக்கப் போறேன்டின்னேன். கொட்டிடுச்சான்னு கேட்டுச்சு. ஆமான்னேன்.

அக்காவ எல்லாரும் கேட்டுட்டாங்க. அவ மாமியார் கேட்டாங்க, நாத்தனார் கேட்டாங்க, மூடிய ஒழுங்கா மூட மாட்டியான்னு. மாமா வாயத் தொறந்து ஒண்ணும் கேக்கல. ஆனா அவரு சமையக்கட்டுப் பக்கமே வர்றதில்ல. அக்கா யாருக்கும் பதில் சொல்ல மாட்டா. என்கிட்ட மட்டும் சொல்லுவா. அதுல எழுதியிருந்துச்சாம்டி. வாந்தி எடுக்க வைக்காதன்னு எழுதியிருந்துச்சாம். நான் சரியாப் பாக்கல. இன்னும் ஒரு நிமிஷம் பொறுமையா பாத்திருந்தா கெடைச்சிருக்கும். ரெண்டு வருஷமா இதேதான். ஒரு நாள் பழைய பாட்டில எடுத்து வெச்சுக்கிட்டு, பூதக்கண்ணாடி வாங்கி, அந்தப் பத்தியப் படிச்சுக்கிட்டு உக்காந்திருந்தா. எழுதித்தான் இருக்கு, என் மேலதான் தப்புன்னா. நான் பக்கத்துல உக்காந்து கொழந்தைக்கு சாப்பாடு அரைச்சிக்கிட்டிருந்தேன்.

அந்தக் கம்பெனியா? மாமா லெட்டர் போட்டாரு. விதிப்படி எல்லாம் அச்சிடப்பட்டிருக்கிறதுன்னு ஒரு பக்கத்துக்குப் பதில் வந்துச்சு. அது சரிதான், விதிப்படிதான் இருந்துச்சு. ஆனாலும் அடுத்த வருஷம் லேபிள மாத்திட்டாங்க. செகப்புப் பட்டைய திரும்ப முன்னாடி கொண்டு வரச் சொல்லி எங்க ஆபீசுக்குத்தான் வந்துச்சு. யார் பண்ணிக் குடுத்தாங்கன்னு நெனைக்கிறீங்க? நான்தான். அதே சீட்டு, அதே பட்டன். இந்தத் தடவ மேல்நோக்கி. வெள்ளை சாருக்கு அது புடிக்கவே இல்ல. கெடுத்துட்டாங்க பாருன்னாரு. நான் ஆமா சார்னேன்.

ஏன் வேலைய விடலன்னு கேக்க வர்றீங்க. கேளுங்க. போறேன், வர்றேன். இப்ப எந்த லேபிள் வந்தாலும் சின்ன எழுத்த எல்லாம் காகிதத்துல அடிச்சு, தள்ளி வெச்சு, வாய் விட்டுப் படிச்சுப் பாத்துட்டுத்தான் விடுறேன். பக்கத்து சீட்டுக்காரங்க எனக்கு என்னமோ ஆயிடுச்சுன்னு பேசிக்கிறாங்க. சனிக்கிழமை இங்க வந்தா ஒரு எழுத்தத் தூக்கினா ஒரு எழுத்தோட கனம் தெரியுது. அது மட்டும் தெரியுது. மத்ததெல்லாம் இன்னும் அப்படியேதான் இருக்கு. இது என்னைய ஆத்திடுச்சு, தேத்திடுச்சுன்னெல்லாம் எழுதிடாதீங்க.

ஏங்க, ஏன் போன எடுக்குறீங்க? நிறுத்தாதீங்க. ஓடட்டும். நான் தெரிஞ்சேதான் பேசுறேன். அதெல்லாம் வேண்டாம், பேர மாத்தவே மாத்தாதீங்க. என் பேரு, என் ஆபீஸ்ல நான் என்ன வேல பாக்குறேன், அந்தப் பாட்டில், அதுல எலை வரைஞ்சது நான்தான்கிறது, எல்லாத்தையும் போடுங்க. வெள்ளை சார் சின்னது பண்ணச் சொல்லலங்கிறதையும் போடுங்க. கம்பெனி பேர வேணும்னா விட்டுடுங்க.

அக்காவுக்குத் தெரியாதுங்க.

தெரியாது. லேபிள்ல யார் பண்ணதுன்னு எங்க பேரெல்லாம் வராது. எனக்குப் பரிசு வந்தது தெரியும், எதுக்குன்னு கேக்கல. யாராவது கேட்டா, என் தங்கச்சி விசிட்டிங் கார்டெல்லாம் போடுறான்னுதான் சொல்லுவா.

நேர்ல போய் சொல்லலாமேன்னுதான நெனைக்கிறீங்க. போயிருக்கேன். எத்தனையோ தடவ, இன்னிக்கு சொல்லிடணும்னே கெளம்பிப் போயிருக்கேன். கதவத் தொறந்ததும், வந்தியா, நீ வந்தாத்தான்டி எனக்கு மூச்சு வருதும்பா. கொழந்தைய என் கையில குடுத்துட்டு அங்கயே தரையில படுத்துத் தூங்கிடுவா. அந்த ஒரு மணி நேரம்தான் அவ தூங்குறது. அவள எப்படி எழுப்பிச் சொல்றது?

அவ ஒரு பல் ஆஸ்பத்திரியில டோக்கன் போட்டுக் குடுக்குற வேல பாக்குறா, அரை நாளு. அங்க வெளிய உக்காந்திருக்கிறவங்க படிக்க உங்க பத்திரிகைதான் போடுறாங்க. காலையில வந்து விழுந்ததும் மொதல்ல பிரிக்கிறது அவதான். ஒரு பக்கம் விடமாட்டா. கடைசி அட்டை வரைக்கும் படிப்பா. போன மாசம் நீங்க போன் பண்ணி, இன்ன பத்திரிகையிலருந்து பேசுறோம், சனிக்கிழமை வரலாமான்னு முதலாளிகிட்ட கேட்டீங்கல்ல, நான்தான் அவகிட்ட, வரச் சொல்லு, நானும் பேசுறேன்னேன்.

இது எந்த இதழ்ல வரும்? அடுத்த மாசமா? ஒண்ணாம் தேதி கடைக்கு வந்துடுமா? அப்ப புதன்கிழமை. அவளுக்கு மதியம் ஒரு மணியோட வேல முடியும். நடந்து வந்தா ஒண்ணே காலுக்கு வீட்டுல இருப்பா. சரி, நான் அன்னிக்கு லீவு சொல்லிட்டு, அதுக்கு முன்னாடியே அவ வீட்டுல போய் உக்காந்திருக்கேன். என்கிட்ட ஒரு சாவி இருக்கு.